கிப்பன், கொசு, விரைவீக்கம்

தலைப்பைப் பார்த்துட்டு நெளியாதீங்க மக்களே. இந்த நோயோட வரலாற்றுல பாதி அந்த நெளியல்தான் :-)

எட்வர்ட் கிப்பன்னு ஒரு இங்கிலாந்துக்காரர். ரோமப் பேரரசு எப்படி விழுந்ததுன்னு ஆறு தொகுதி எழுதினவர். 1761-ல விரைப்பை வீங்கியிருக்குன்னு ஒரு சர்ஜன்கிட்ட காட்டினார். திரும்ப வரச் சொன்னார் சர்ஜன். இவர் போகலை. அடுத்த 32 வருஷம் நண்பர்கள்கிட்டகூட மூச்சு விடலை. 1793 நவம்பர்ல வேற வழியில்லாம காட்டினப்போ, முதல் தடவையே சுமார் 4 லிட்டர் நீர் எடுத்தாங்க. மறுபடி ரொம்பிச்சு, மறுபடி குத்தினாங்க. 1794 ஜனவரி 16 அன்னிக்குச் செத்துப் போனார். ஒரு சாம்ராஜ்யத்தோட சீக்கை அலசி ஆராய்ஞ்சவர், தன் சீக்கை வேட்டிக்குள்ள (சரி, கால்சட்டைக்குள்ள) மறைச்சு வெச்சிருந்தார்.

குத்தி நீர் எடுக்கறது புதுசு இல்லை. சுஸ்ருத சம்ஹிதையிலயே இருக்கு. பிரச்சனை என்னன்னா, நீரைச் சுரக்கற உறை உள்ளேயே இருக்கறதால திரும்பத் திரும்ப ரொம்பும். அந்த உறையையே வெட்டித் திருப்பித் தைக்கற ஆபரேஷனை பிரான்ஸின் ஜாபுலே 1902-ல எழுதினார். இன்னிக்கும் அந்த வழிதான்.

சரி, பெரியவங்களுக்கு நம்ம பக்கம் இது ஏன் இவ்வளவு? முக்கியக் காரணம் யானைக்கால் புழு. நிணநீர்க் குழாய்ல குடியேறி, நீர் வடியற பாதையைக் கெடுக்கும். காலை மட்டும்தான் வீங்க வைக்கும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. ஆண்களுக்கு விரைப்பையையும் தாக்கும்.

1872-ல கல்கத்தாவுல டிமோதி லூயிஸ் மனுஷ ரத்தத்துல குட்டிப்புழுக்களைப் பார்த்தார். 1877-ல சீனாவின் அமோய்ல பேட்ரிக் மேன்சன், கொசுவுக்குள்ள அது வளர்றதைக் கண்டுபிடிச்சார். ராத்திரியில மட்டும் குட்டிப்புழு ரத்தத்துல நடமாடும்னு சொன்னவரும் அவர்தான். யானைக்கால் தடுப்பு ஊழியர்கள் ராத்திரி வந்து விரல்ல குத்தி ரத்தம் எடுத்ததுக்குக் காரணம் இதான்.

அந்தக் கொசுவுக்குச் சாக்கடைத் தண்ணின்னா கொள்ளைப் பிரியம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மாதிரி கிராமமா இருந்து தடாலடியா ஊரான இடங்கள்ல, வீடு முதல்ல வரும், பாதாளச் சாக்கடை பிறகு மெதுவா வரும். நடுவுல இருக்கற காலம் கொசுவோடது.

மருந்துக் கதையில ஒரு மெட்ராஸ்காரர் இருக்கார். எல்லாப்ரகட சுப்பாராவ், பீமவரத்துல பிறந்து மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில படிச்சவர். கதர் உடுத்தினதால எம்.பி.பி.எஸ். தராம எல்.எம்.எஸ். பட்டம் மட்டும் தந்தாங்கன்னு சொல்வாங்க. அமெரிக்கா போனார். லெடர்லே கம்பெனியில அவர் ஆராய்ச்சித் தலைவரா இருந்தப்போ, 1947-ல வந்தது டிஇசி மருந்து. அடுத்த வருஷமே இறந்துட்டார். 2004-ல நாடு முழுக்க வீடு வீடா குடுக்க ஆரம்பிச்சாங்களே, அந்த 'யானைக்கால் மாத்திரை' இதேதான். 2016-ல இலங்கையில யானைக்கால் பொதுச் சுகாதாரப் பிரச்சனையா இல்லைன்னு உலகச் சுகாதார நிறுவனம் சான்று தந்தது.

ஒண்ணு மறக்காதீங்க. மாத்திரை ரத்தத்துல இருக்கற குட்டிப்புழுவை ஒழிக்கும், பரவறதை நிறுத்தும். ஏற்கனவே தேங்கின நீரைக் கரைக்காது. அதுக்கு ஆபரேஷன்தான். பயப்பட ஒண்ணுமில்லை, கிப்பன் காலம் மாதிரி இல்லை.

குழந்தைங்க விஷயம் முழுக்க வேற. கர்ப்பத்துல விரை வயித்துலேர்ந்து கீழே இறங்கும்போது கூடவே ஒரு சின்னப் பை மாதிரி பாதை வரும். பிறக்கறதுக்குள்ள அது மூடணும். மூடலைன்னா வயித்து நீர் இறங்கித் தேங்கும். கொசுவும் இல்லை, யாரோட தப்பும் இல்லை. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வயசுக்குள்ள தானா சரியாயிடும். ஊசியால குத்தி எடுக்கக் கூடாது. அதுக்கப்புறமும் இருந்தா சின்ன ஆபரேஷன். ஆனா இதே வீக்கம் குடலிறக்கமாவும் இருக்கலாம், அதனால டாக்டர் ஒரு தடவை பார்த்தே ஆகணும்.

எந்த வயசா இருந்தாலும் திடீர்னு வலி வந்தா, அன்னிக்கே ஆஸ்பத்திரி. விரை முறுக்கிக்கிட்டா மணிக்கணக்குதான் நேரம்.

கொசுவைக் கண்டுபிடிச்சாச்சு, மருந்தைக் கண்டுபிடிச்சாச்சு, ஆபரேஷனும் வந்தாச்சு. வெட்கத்துக்கு மட்டும் இன்னும் மருந்து வரலை. உங்க வீட்டுல அப்பாவோ தாத்தாவோ கொஞ்ச நாளா அகலமா காலை வெச்சு நடந்தா, மெதுவா கேட்டுப் பாருங்க.