இரும்பு முகமூடி சேலம் வந்த வழி

தமிழ் சினிமாவில் ஒரே நடிகர் இரட்டை வேடமிட்ட முதல் படம் ‘உத்தம புத்திரன்’. 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த இப்படத்தை டி.ஆர். சுந்தரம் இயக்கினார். பி.யு. சின்னப்பா இரட்டை அரசகுமாரர்களாகவும் எம்.வி. ராஜம்மா கதாநாயகியாகவும் நடித்தனர். கதையின் வேர் பிரான்சில் இருக்கிறது.

பதினான்காம் லூயியின் ஆட்சியில், 1669-இல் பிடிபட்ட ஒரு கைதி 1703-இல் பாரிஸின் பஸ்தீல் சிறையில் இறந்தார். அவர் முகத்தை மறைத்திருந்தது கறுப்பு வெல்வெட் துணி. பிற்கால வதந்தியில் அது இரும்பானது. வோல்தேரின் எழுத்து அதைப் பரப்பியது. அலெக்சாண்டர் டூமா 1847 முதல் 1850 வரை எழுதிய தொடர்கதை அந்தக் கைதியை மன்னரின் இரட்டைச் சகோதரன் பிலிப் ஆக்கியது. ‘மூன்று மஸ்கட்டியர்’ வரிசையின் கடைசி நாவல் இது. இதில் ஆள்மாறாட்டச் சதி தோற்றுப்போகிறது. பிலிப் முகமூடியோடு மீண்டும் சிறைக்குப் போகிறான்.

டூமாவின் இந்த முகமூடிக் கதையை ஹாலிவுட் எடுத்துக்கொண்டது. 1929-இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த படத்தில் மன்னன் நல்லவன், உடன்பிறந்தவன் கெட்டவன். 1939-இல் ஜேம்ஸ் வேல் இதைத் தலைகீழாக்கினார். அரண்மனைக்கு வெளியே வளர்ந்தவன் நல்லவன். முடிவில் முகமூடி கொடுங்கோல் மன்னன் முகத்திலேயே ஏறுகிறது. சேலத்துக்கு வந்து சேர்ந்தது இந்த வடிவம். சூழ்ச்சிக்கார அமைச்சர், வெளியே வளரும் இளவரசன், இறுதியில் வெல்லும் அறம் ஆகியவை நாடகக் கம்பெனி மேடையில் ஏற்கெனவே பழகியவை என்பதால், பிரெஞ்சு அரசவை எளிதாகத் தமிழ் ராஜா ராணிக் கதையானது.

ஒரே நடிகர் ஏற்கும் இரட்டையர் இருவரையும் ஒரே காட்சியில் காட்டுவதுதான் கடினம். அக்கால முறைப்படி, லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒரு வேடத்தைப் படமெடுப்பார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து அடுத்த வேடத்தை எடுப்பார்கள். இதற்கிடையில் கேமரா இம்மியும் நகரக் கூடாது. நடிகர் எதிரே இல்லாதவனின் பேச்சுக்கு இடைவெளி விட்டு வசனம் பேச வேண்டும்.

இதற்கேற்ற ஸ்டுடியோ கொங்கு மண்ணிலேயே இருந்தது. திருச்செங்கோட்டைச் சேர்ந்த சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். ஏற்காடு அடிவாரத்தில் அவர் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸில் ஜெர்மானியத் தொழில்நுட்பக் கலைஞர்களும் வேலை செய்தார்கள். முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ 1938-இல் இங்கிருந்தே வந்தது. கோவையில் சினிமாத் தொழில் இன்னும் பழையது. 1905-இல் திருச்சியில் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914-இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பின்னர் அந்நகரில் சென்ட்ரல், பட்சிராஜா ஸ்டுடியோக்கள் எழுந்தன. நாமக்கல் கவிஞரின் சாகச நாவலான ‘மலைக்கள்ளன்’ 1954-இல் பட்சிராஜாவில் படமாகி, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது.

1958-இல் வீனஸ் பிக்சர்ஸ் சிவாஜி கணேசனை வைத்து ‘உத்தம புத்திர’னை மீண்டும் எடுத்தது. அதே ஆண்டில் டூமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ’ கதையைத் தழுவி ஜெமினியின் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ வந்தது. மன்னனும் அவனைப் போலவே இருக்கும் நாடோடியும் இடம் மாறும் எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ வெளிவந்ததும் அந்த ஆண்டில்தான்.