பிரையன் க்ளஃப்: முழங்காலும் தோழனும்

முதல்ல ஒரு கணக்கு. 274 லீக் ஆட்டங்கள், 251 கோல்கள். அச்சுப்பிழை இல்லீங்க, நிஜம்தான். இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ, சண்டர்லேண்ட் கிளப்புகளுக்காக 1955-லிருந்து 1964 வரை பிரையன் க்ளஃப் அடிச்சது. ஆனா இன்னிக்கு அவரை மேனேஜராத்தான் எல்லாருக்கும் தெரியும். (அங்கே கோச்சைத்தான் மேனேஜர்னு சொல்வாங்க. அந்தக் காலத்தில் ஆள் வாங்குறது, டீம் எடுக்குறது எல்லாம் அவர் தலையிலதான் இருந்துச்சு.)

1962 டிசம்பர் 26. சண்டர்லேண்டின் ரோக்கர் பார்க் மைதானம், குளிரில் இறுகிப்போன தரை. பந்தைத் துரத்தி ஓடினவர் எதிரணி கோல்கீப்பர் மேல மோதி விழுந்தார். முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சது. வயசு 27. இப்போன்னா ஆபரேஷன் செஞ்சு அடுத்த வருஷம் ஆட வச்சிருப்பாங்க. அந்தக் காலத்தில் அது கிட்டத்தட்ட முடிவுரை. 1964-ல் திரும்ப வந்து மூணே ஆட்டம் ஆடிப் பார்த்தார், முடியலை. அந்த மூணும்தான் அவர் முதல் டிவிஷனில் ஆடின மொத்த ஆட்டம். அதில் ஒரே ஒரு கோல், லீட்ஸுக்கு எதிரா. மத்த 250-ம் இரண்டாவது டிவிஷனில் அடிச்சது. இங்கிலாந்துக்கு ஆடினதோ ரெண்டே ஆட்டம்.

ஆக, பசியோட இருந்த ஆள் பந்தியிலிருந்து பாதியில் எழுப்பப்பட்டார். அந்தப் பசிதான் அவரைக் கோச் ஆக்கிச்சுன்னு நினைக்கிறேன்.

கொஞ்ச நாள் சண்டர்லேண்டில் சின்னப் பசங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1965-ல் ஹார்ட்டில்பூல்ஸ் கூப்பிட்டது. நான்காவது டிவிஷனின் அடிமட்டத்தில் கிடந்த, கையில் காசே இல்லாத கிளப். 30 வயசு க்ளஃப் கேட்ட ஒரே விஷயம், கூட பீட்டர் டெய்லர் வரணும்!

டெய்லர் மிடில்ஸ்பரோவில் கோல்கீப்பரா இருந்தவர். ரிசர்வில் கிடந்த இளம் க்ளஃபைப் பார்த்து, இவன் பெரிய ஆளா வருவான்னு முதல்ல நம்பினது அவர்தான். வேலையைப் பிரிச்சுக்கிட்டாங்க. ஆளைக் கண்டுபிடிக்கிறது டெய்லர், அந்த ஆளை ஆட வைக்கிறது க்ளஃப். அங்கே ஜான் மெக்கவர்ன்னு 16 வயசுப் பையனை ஆட வச்சாங்க. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கங்க.

1967-ல் ரெண்டு பேரும் இரண்டாவது டிவிஷன் டெர்பிக்குப் போனாங்க. 1969-ல் முதல் டிவிஷன், 1972-ல் லீக் சாம்பியன். 1973 அக்டோபரில் நிர்வாகத்தோட சண்டை, ராஜினாமா. அப்புறம் பிரைட்டன். அடுத்து, 1974-ல் க்ளஃப் மட்டும் தனியா லீட்ஸுக்குப் போனார். டெய்லர் வரலை. வருஷக்கணக்கா தான் திட்டித் தீர்த்த டீம். போன உடனே, உங்க பதக்கம் எல்லாம் ஏமாத்தி வாங்கினது, குப்பையில போடுங்கன்னு ஆட்டக்காரங்க முகத்துக்கு நேரா சொன்னார். 44 நாளில் வேலை போச்சு :-)

1975 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். மறுபடி இரண்டாவது டிவிஷன். 1976-ல் டெய்லர் வந்து சேர்ந்தார். அதுக்கப்புறம் நடந்ததைப் பாருங்க. 1977-ல் முதல் டிவிஷன். 1978-ல் லீக் சாம்பியன். 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை! ஓரங்கட்டப்பட்டிருந்த ஜான் ராபர்ட்சன்தான் ஒரு ஃபைனலில் கோலுக்குப் பந்து கொடுத்தார், அடுத்ததில் தானே கோல் அடிச்சார். முரடன்னு பேர் வாங்கின ஃபார்வர்டு கென்னி பர்ன்ஸை டிஃபெண்டர் ஆக்கினாங்க. 1978-ல் பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்த சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

ரெண்டு ஃபைனலிலும் கோப்பையைத் தூக்கின கேப்டன் யாரு? ஹார்ட்டில்பூல்ஸ் பையன் மெக்கவர்ன். டெர்பி, லீட்ஸ், ஃபாரஸ்ட்னு க்ளஃப் போன இடமெல்லாம் கூடவே போனவர். 

1982-ல் டெய்லர் ஓய்வுன்னு போனார். சில மாசத்தில் டெர்பிக்கு மேனேஜரா வந்துட்டார். 1983-ல், க்ளஃப் நிதி திரட்டும் நடைப்பயணத்தில் இருந்த சமயம், அவர்கிட்ட சொல்லாமலே ராபர்ட்சனை டெர்பிக்கு வாங்கினார். க்ளஃபால் அதை மன்னிக்க முடியலை. பல வருஷம் சேர்ந்து உழைச்சவங்க, பேச்சு நின்னுபோச்சு.

1990-ல் டெய்லர் இறந்தார். அதுவரை சமாதானம் ஆகலை. இறுதிச்சடங்குக்கு க்ளஃப் போனார், யாருக்காகப் போனாரோ அவர் எழுந்து பேசவா முடியும்?

டெய்லர் போன பிறகும் க்ளஃப் சும்மா இருக்கலை. 1989, 1990-ல் லீக் கப் ஜெயிச்சார். ஆனா லீக் பட்டமோ ஐரோப்பியக் கோப்பையோ திரும்ப வரவே இல்லை. குடி அதிகமாச்சு. 1993-ல் ஃபாரஸ்ட் கீழ் டிவிஷனுக்கு இறங்க, அவரும் விடைபெற்றார். 2004-ல் காலமானார்.

மைதானத்தில் கர்வம் பிடிச்சவர், வாய் அடங்காதவர்னு அவரைப் பத்தி எழுதாதவங்க இல்லை. எனக்கு அவர் கதையில் உறுத்துறது வேற. முழங்கால் போனது விதி, அதிலிருந்து ஒரு வாழ்க்கையைக் கட்டினார். தோழன் போனது விதி இல்லை, ஒரு ஃபோன் பண்ணியிருந்தா தீர்ந்திருக்கும். ஏழு வருஷம் அந்த ஃபோன் போகலை.

2010-ல் டெர்பி மைதானத்துக்கு வெளியே வெண்கலச் சிலை வச்சாங்க. க்ளஃபுக்கு மட்டும் இல்லை. பக்கத்திலேயே டெய்லரும் நிக்கிறார்.