தீர்ப்புக்கு முன்பே தண்டனை

‘சிறப்பு நீதிமன்றம்’ என்றதும் விரைவான நீதி என்ற எண்ணமே பலருக்கும் எழுகிறது. போக்சோ, ஊழல் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றங்களின் நோக்கமும் அதுதான். மாற்றுக் கருத்தாளர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றங்களோ வேறு வகை.

ஈரானில் 1979 புரட்சியைத் தொடர்ந்து உருவான புரட்சி நீதிமன்றங்கள் இன்றும் இயங்குகின்றன. மதகுருக்களை விசாரிக்கவும் அங்கே தனி நீதிமன்றம் உண்டு. சீர்திருத்தம் பேசிய முன்னாள் உள்துறை அமைச்சர் அப்துல்லா நூரிக்கு 1999இல் அந்த நீதிமன்றம் 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. சவூதி அரேபியாவில் பயங்கரவாத வழக்குகளுக்கென 2008இல் அமைந்த சிறப்புக் குற்றவியல் நீதிமன்றம், பெண்களின் கார் ஓட்டும் உரிமைக்காகக் குரல்கொடுத்த லுஜைன் அல்-ஹத்லூலை 2020இல் தண்டித்தது.

மத அரசுகளில்தான் இப்படி நடக்கும் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நான் வாழும் பொன்னேரி அமைந்துள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் பூந்தமல்லியும் இருக்கிறது. தடா, பொடா வழக்குகளை விசாரித்த சிறப்பு நீதிமன்றத்தால் நாடறிந்த ஊர் அது.

2002 ஜூன் 29 அன்று திருமங்கலம் பொதுக்கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ பொடா சட்டத்தில் கைதானார். அதைத் தொடர்ந்து பழ.நெடுமாறனும் கைதானார். வைகோ ஏறத்தாழ 19 மாதங்கள் வேலூர் சிறையில் இருந்தார். அதே ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் பொடா நிறைவேறியபோது, அதை ஆதரித்த ஆளுங்கூட்டணியில் அவருடைய கட்சியும் இருந்தது. பிறருக்கென்று ஆதரிக்கும் சட்டம் நம் வாசலுக்கும் வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இத்தகைய நீதிமன்றத்தின் வலிமை அதன் கட்டடத்திலோ நீதிபதியிடமோ இல்லை. அது பின்பற்றும் விதிகளில் இருக்கிறது. காவல் கண்காணிப்பாளரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாதாரணச் சட்டத்தில் சாட்சியமாகாது, பொடாவில் ஆனது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள்வரை அவகாசம் இருந்தது. அரசு வழக்கறிஞர் எதிர்த்தால் முதல் ஓராண்டுக்குப் பிணை கிடைப்பது அரிதாக இருந்தது.

பொருளியல் ஆசிரியனாக நான் கேட்கும் கேள்வி, விலையை யார், எப்போது செலுத்துகிறார்கள் என்பதே. வழக்கமான நீதிமுறையில் குற்றம் உறுதியான பிறகு தண்டனை வருகிறது. இங்கே அது முன்பணமாக வசூலிக்கப்படுகிறது. பின்னர் விடுதலையானாலும் அந்த ஆண்டுகள் திரும்புவதில்லை. ஒருவர் செலுத்தும் விலையைப் பார்த்து ஆயிரம் பேர் வாய் மூடிக்கொள்வார்கள். எந்தக் கணக்கேட்டிலும் பதிவாகாத இழப்பு அது.

பயங்கரவாத நோக்கமில்லாத வெறும் ஆதரவுப் பேச்சு பொடாவின்கீழ் குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மறுஆண்டு சட்டமே நீக்கப்பட்டது. ஆனால், பிணையைக் கடினமாக்கும் விதி 2008 திருத்தத்தின் வழியே சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் நுழைந்து, இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

கொடிய குற்றங்களுக்குத் தனி நீதிமன்றம் தேவைப்படலாம். ஆனால் எந்த நாட்டிலும், எந்த ஆட்சியிலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: பேச்சும் வன்முறையும் பிரித்துப் பார்க்கப்படுகின்றனவா? காவல் துறையிடம் தந்த வாக்குமூலம் சாட்சியமாகிறதா? தீர்ப்பு வரும்வரை பிணைக்கு வழியுண்டா? இவற்றுக்கான விடைகளே அது நீதிமன்றமா, சிறையின் முன்வாசலா என்பதைச் சொல்லும்.