குருமட மாணவரின் முதல் ஆய்வு: தனிநாயகம் அடிகளின் ஆய்வுநெறித் தோற்றம்

முன்னுரை

சேவியர் தனிநாயகம் அடிகளின் (1913-1980) தமிழ்ப்பணி, 'தமிழ் கல்ச்சர்' இதழ் (1952), உலகத் தமிழாராய்ச்சி மன்றம் (1964), கோலாலம்பூர் மாநாடு (1966) ஆகியவற்றைக் கொண்டே பெரிதும் மதிப்பிடப்பெறுகிறது. ஆயினும் அவர்தம் முதல் ஆய்வேடு தமிழைப் பற்றியதன்று. குருமட மாணவராக அவர் மேற்கொண்ட அவ்வாய்வுக்கும் பின்னைய தமிழாய்வுக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொழும்பும் உரோமும்

யாழ்ப்பாணத்துத் தீவகமான ஊர்காவற்றுறையைச் சார்ந்த கரம்பொன்னில் பிறந்த அடிகள், 1931 முதல் 1934 வரை கொழும்பு புனித பெர்நார்து குருமடத்தில் பயின்றார். பின்னர் உரோமை உர்பன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மறைபரப்பு நாடுகளின் மாணவர்கள் பயிலும் அந்நிறுவனத்தில் அக்காலத்தே இறையியல் இலத்தீன் மொழியிலேயே கற்பிக்கப்பட்டது. 1938இல் குருப்பட்டம் பெற்ற அவர், கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் சிப்பிரியான் ஆயராயிருந்த காலத்துக் கார்த்தேசு நகரக் குருக்களைப் பற்றி ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார்.

இத்தலைப்பின் இயல்பு நோக்கத்தக்கது. தேசியு பேரரசன் காலத்து வேதகலாபனையின்போது (கி.பி. 250) சிப்பிரியான் மறைந்து வாழ்ந்து, மடல்கள் வாயிலாகவே சபையை நடத்தினார். அவர் எழுதியனவும் அவருக்கு எழுதப்பட்டனவுமாக 80க்கும் மேற்பட்ட மடல்கள் கிடைத்துள்ளன. மூப்பர், திருத்தொண்டர், துணைத் திருத்தொண்டர், பீடத்துணைவர், பேயோட்டுநர், வாசகர் எனும் நிலைகள் அவற்றில் ஆங்காங்கே சுட்டப்பெறுகின்றன. அம்மடல்கள் குருக்குல அமைப்பை விளக்குவதற்காக எழுதப்பட்டவை அல்ல. எனவே, சிதறிய குறிப்புகளைத் தொகுத்து, எழுதப்பட்ட சூழலோடு பொருத்தி, பிற்கால வழக்கத்தை முற்காலத்தின்மீது ஏற்றாது முடிவு காணுதல் ஆய்வாளன் கடனாகிறது. தான் சார்ந்த சமயத்தின் தொல்வரலாற்றையே சான்றுக்கு உட்படுத்தும் குருமட மாணவனுக்கு இது கடுமையான பயிற்சியாகும்.

வடக்கன்குளமும் அண்ணாமலையும்

உரோமைப் பயிற்சி நெறியைத் தந்தது. தமிழ்ப் புலமையைத் தரவில்லை. 1940இல் வடக்கன்குளம் புனித தெரேசா பள்ளியில் பணியேற்ற பின்னரே, பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் அடிகள் தமிழ் இலக்கியங்களை முறையாகப் பாடங்கேட்டார். இறையியலில் முனைவரான ஒருவர் மீண்டும் மாணாக்கராய் அமர்ந்தார் என்பது எண்ணத்தக்கது. 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதுகலைப் பட்டமும், தொடர்ந்து சங்கப் பாடல்களில் இயற்கை குறித்த ஆய்வுக்கு எம்.லிட். பட்டமும் பெற்றார்.

இவ்விரண்டாம் ஆய்வின் தேவையும் முதலாய்வின் தேவையை ஒத்ததே. தொல்காப்பியப் பொருளதிகாரம் திணைக்கு இலக்கணம் வகுத்துள்ளது. எனினும், சங்கப் புலவர் இயற்கையைக் கண்ட முறையை முதல், கரு, உரிப்பொருள் குறிப்புகளைப் பாடல்தோறும் தொகுத்தே அறியவியலும். கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு அவற்றை ஒப்பிடுதற்கு உரோமையில் பெற்ற மொழிப்பயிற்சி துணைநின்றது எனலாம். இவ்வாய்வு விரிவாக்கம் பெற்று 1966இல் 'லாண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி' என வெளிவந்தது. அவ்வாண்டிலேயே, அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்-போர்த்துகேய அகராதியை (1679) வத்திக்கான் நூலகப் படியினின்று மறுபதிப்பாக அவர் வெளியிட்டதும் மூலச்சான்று நாடும் அதே நோக்கின் விளைவாகும்.

முடிவுரை

முதல் ஆய்வின் பொருள் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டுவதில்லை; அதில் பயின்ற நெறி தொடரும் என்பதற்கு அடிகள் சான்றாவார். ஆனால் நெறி மட்டும் போதுமாயின் வடக்கன்குளத்துப் பாடங்கேட்டல் வேண்டியிராது. புலமை மட்டும் போதுமாயின் கார்த்தேசு ஆய்வுக்கு அவர் வாழ்வில் பொருளிராது. சமயக் கல்லூரிகளின் ஆய்வேடுகளும் தமிழ்த்துறை ஆய்வேடுகளும் தனித்தனியே நோக்கப்படுமாயின், இத்தகைய ஆய்வாளர் ஒருவரின் உருவாக்கத்தில் சரிபாதி மறைந்துபோம். தமிழாய்வு வரலாறு எழுதுவோர் அவ்வேடுகளையும் தம் மூலங்களாகக் கொள்ளுதல் வேண்டும்.