மலையும் மேடையும்: 2007-இல் ஒரு பாட்டுப் போட்டி எழுதிய வரலாறு

வரலாறு என்றால் ராஜாக்கள், போர்கள், உடன்படிக்கைகள் என்றுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்தில் ஓடுகிற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. 2007-ஆம் ஆண்டு நடந்த ஒரு பாட்டுப் போட்டி, இருபது வருடமாக ஒரு மலைப் பிரதேசத்தை ஆண்டு வந்த தலைவரைச் சாய்க்கும் அலையைக் கிளப்பியது. ஒரு பெரிய வணிக நகரத்தில் ஊரடங்கு போடும் நிலையையும் கொண்டுவந்தது. வெளிமாநிலத்தில் குடியேறி வாழும் நம்மைப் போன்றவர்கள் அந்தக் கதையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்ப்பது நல்லது.

வந்த வழி

"ரியாலிட்டி ஷோ" என்று நாம் சொல்லும் நிகழ்ச்சிகள் நேற்று முளைத்தவை அல்ல. சாதாரண மனிதர்களை அவர்களுக்கே தெரியாமல் படம் பிடித்துக் காட்டும் 'கேண்டிட் கேமரா' அமெரிக்காவில் 1948-லேயே வந்துவிட்டது. 1950-களில் அங்கே வினாடி வினாப் போட்டிகளுக்குப் பெரும் மோகம். ஆனால் 'ட்வென்டி ஒன்' என்ற நிகழ்ச்சியில் போட்டியாளருக்கு விடைகளை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்பது 1959-இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் வெளிப்பட்டது. மறு ஆண்டே சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. "இதெல்லாம் நிஜமா, நடிப்பா?" என்று நம் வீடுகளில் இன்றும் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு வயது அறுபதுக்கு மேல்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பரில் தில்லியில் சோதனை முறையில் ஆரம்பமானது. முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கத்தின் தூர்தர்ஷன் ஒன்றுதான். 1990-களில் தனியார் சேனல்கள் வந்தன. ஜீ டிவியில் 1993-இல் 'அந்தாக்ஷரி', 1995-இல் 'ஸ ரி க ம'. இந்த மேடையில் வென்ற சிறுமிதான் பின்னாளில் நாடறிந்த பாடகி ஸ்ரேயா கோஷல். 2000 ஜூலை 3 அன்று ஸ்டார் பிளஸ் சேனலில் அமிதாப் பச்சன் 'கௌன் பனேகா க்ரோர்பதி'யைத் தொடங்கி வைத்தார். பிரிட்டனில் 1998-இல் வந்த நிகழ்ச்சியின் இந்திய வடிவம் அது. அதுவரை ஒருவர் பாடினால் தேர்ந்தெடுக்கிற வேலை நடுவர்களுடையது. 2004-இல் சோனி சேனல் 'இந்தியன் ஐடல்' கொண்டுவந்தபோது அந்த அதிகாரம் கைபேசி வைத்திருந்த நம் கைக்கு வந்தது. வந்ததாக நாம் நினைத்தோம் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

மலையின் முன்கதை

டார்ஜிலிங் 1835-இல் சிக்கிம் மன்னரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்த பூமி. அங்கே தேயிலைத் தோட்டங்கள் பெருகின. தோட்ட வேலைக்கு நேபாளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், பட்டாளத்தில் சேர்ந்தவர்கள், முன்பே அங்கிருந்த லெப்சா, பூட்டியா மக்கள் எல்லோரும் சேர்ந்து நேபாளி மொழி பேசும் ஒரு சமூகமாக உருவானார்கள். தங்களுக்குத் தனி நிர்வாகம் வேண்டும் என்று மலைமக்கள் முதன்முதலில் கேட்டது 1907-இல். 1980-களில் சுபாஷ் கீஷிங் தலைமையில் கூர்க்காலாந்து போராட்டம் மூண்டு ஏராளமான உயிர்கள் போயின. 1988-இல் டார்ஜிலிங் கூர்க்கா மலைக் கவுன்சில் அமைந்து, கீஷிங் அதன் தலைவரானார். 1992-இல் நேபாளி மொழி அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் ஏறியது.

சட்டத்தில் ஏறினால் போதுமா? தில்லியிலோ மும்பையிலோ டார்ஜிலிங்காரரைப் பார்த்து, "நீ நேபாளத்திலிருந்து எப்போது வந்தாய்?" என்று கேட்பது நிற்கவில்லை. இந்தியக் குடிமகன் என்று எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த தெருவில் மறுபடியும் சொல்ல வேண்டும். நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கூர்க்கா' என்பது ஒரு மக்களின் பெயர். நம்ம ஊர்ப் பேச்சில் அது ஒரு வேலையின் பெயராகிவிட்டது. ராத்திரி விசில் ஊதிக்கொண்டு, தடியைத் தரையில் தட்டிக்கொண்டு போகிறவர் எந்த ஊராக இருந்தாலும் அவர் கூர்க்காதான். அவருக்கென்று சொந்தப் பெயர் ஒன்று உண்டு என்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

ஒரு போலீஸ்காரர் பாடினார்

இந்த நிலையில்தான் 2007-இல் 'இந்தியன் ஐடல்' மூன்றாவது சுற்று நடந்தது. டார்ஜிலிங்கைச் சேர்ந்த பிரசாந்த் தமாங், கொல்கத்தா போலீஸில் காவலர். போலீஸில் இருந்த தந்தை இறந்துபோனதால் மகன் அந்த வேலையில் சேர்ந்தவர். காவல்துறையின் இசைக்குழுவில் பாடியவர். சங்கீதம் தெரிந்தவர்களைக் கேட்டால், அந்த ஆண்டுப் போட்டியாளர்களில் அவரைவிடத் தேர்ந்த குரல்கள் இருந்தன என்று சொல்வார்கள். ஆனாலும் வாரா வாரம் அவர் தப்பித்து மேலே போனார்.

காரணம் மலையில் இருந்தது. டார்ஜிலிங், குர்சியோங், கலிம்பொங் ஊர்களில் ரசிகர் மன்றங்கள் தோன்றின. கடைக்காரர்கள் பணம் கொடுத்தார்கள். மன்றத்தார் கைபேசிகளை வரிசையாக வைத்துக்கொண்டு எஸ்.எம்.எஸ். அனுப்பினார்கள். சிக்கிமிலும், நாடு முழுதும் சிதறிக் கிடந்த நேபாளி மொழிக் குடும்பங்களிலும் இதே வேகம். மேடையில் ஒரு பையன் பாடுகிறான். கீழே ஒரு சமூகம், "நாங்களும் இந்தியர்கள்தான், எங்களை எண்ணிப் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. நூறு வருட மனுக்கள் வாங்கித் தராத ஒன்றை, வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சி தந்ததாக அவர்களுக்குத் தோன்றியது. 'இந்தியன்' என்ற சொல் அந்தப் பட்டத்தின் பெயரிலேயே இருந்ததை மறக்கக் கூடாது.

இறுதிப் போட்டியில் அவரை எதிர்த்து நின்றவர் ஷில்லாங்கைச் சேர்ந்த அமித் பால். பெருநகரப் போட்டியாளர்கள் எல்லாம் வெளியேறிவிட, கடைசியில் மிஞ்சியவர்கள் நாட்டின் கிழக்கு மூலையிலிருந்து வந்த இரண்டு மலைவாசிகள். ஷில்லாங்கில் பழங்குடியினருக்கும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இடையே 1979 முதல் பலமுறை கலவரம் நடந்ததுண்டு. அமித் பால் குடியேறிய வங்காளிக் குடும்பத்துப் பையன். அவருக்காகக் காசி இனத்தவரும் வங்காளிகளும் நேபாளிகளும் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள். மேகாலய அரசு அவரை அமைதிக்கும் நல்லிணக்கத்துக்கும் தூதராகவே அறிவித்தது. அரசாங்கக் கமிட்டிகள் செய்ய முடியாததை ஒரு பாட்டுக்காரப் பையன் சில வாரங்களுக்காவது செய்து காட்டினார்.

2007 செப்டம்பர் 23 அன்று முடிவு வந்தது. வென்றவர் பிரசாந்த் தமாங். மறுநாள் ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியா முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது. நாடெங்கும் கிரிக்கெட் பட்டாசு வெடித்தது. டார்ஜிலிங்கில் பட்டாசுக்கு இரண்டு காரணங்கள்.

ஒரு கேலியின் விலை

இந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. தில்லியில் ஒரு தனியார் பண்பலை வானொலியில் பேசிய அறிவிப்பாளர், கூர்க்காக்கள் பாட வந்துவிட்டால் ராத்திரியில் காவல் காப்பது யார் என்ற பொருள்பட வேடிக்கை பேசினார். சொன்னவருக்கு அது ஒரு நிமிடப் பேச்சு. கேட்ட சமூகத்துக்கோ, எந்த முத்திரையை அழிக்கத் தெருத்தெருவாகப் பணம் திரட்டி எஸ்.எம்.எஸ். அனுப்பினார்களோ, அதே முத்திரையை மறுபடியும் நெற்றியில் குத்தியது போல ஆயிற்று.

செப்டம்பர் 28 அன்று சிலிகுரியில் கண்டன ஊர்வலம் நடந்தது. அது உள்ளூர்க்காரர்களோடு மோதலாகி, கடைகளும் வண்டிகளும் சேதமாகி, ஊரடங்கு போட்டு, ராணுவத்தை அழைக்கும் அளவுக்குப் போனது. கேலி செய்தவர் இருந்தது தில்லியில். அடிபட்டது சிலிகுரிக் கடைத்தெருவில் இருந்த வங்காளியும் நேபாளியும். கூட்டத்தின் கோபம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவன் மேல்தான் விழுகிறது.

இதன் அரசியல் விளைவு இன்னும் பெரியது. கீஷிங் அந்தப் பாட்டுப் போட்டியைச் சட்டை செய்யவில்லை. அவருடைய கட்சியிலேயே இருந்த பிமல் குருங், தமாங்குக்காக ஆள் திரட்டி முன்னால் நின்றார். 2007 அக்டோபர் 7 அன்று, முடிவு வந்த இரண்டே வாரத்தில், குருங் 'கூர்க்கா ஜனமுக்தி மோர்ச்சா'வைத் தொடங்கினார். ரசிகர் மன்றத்துக்காகத் திரண்ட கூட்டம் கட்சிக் கூட்டமாக மாறிற்று. மலைக்கு ஆறாவது அட்டவணை அந்தஸ்து போதும் என்று கீஷிங் மத்திய அரசோடு செய்த ஏற்பாட்டின் மீது ஏற்கெனவே அதிருப்தி இருந்தது. அந்த உலர்ந்த விறகில் இந்தப் பொறி விழுந்தது. 2008 மார்ச்சில் கீஷிங் பதவி விலகினார். பிறகு மலையை விட்டே இறங்கி ஜல்பைகுரியில் வாழ வேண்டியதாயிற்று. 2009 மக்களவைத் தேர்தலில் குருங்கின் ஆதரவோடு ஜஸ்வந்த் சிங் டார்ஜிலிங்கில் வென்றார். 2011-இல் கூர்க்காலாந்து பிரதேச நிர்வாகத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது.

வியாபாரக் கணக்கு

ஜவுளிக் கடையில் ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி உண்டு: இதில் சரக்கு எது, விற்றவர் யார், வாங்கியவர் யார்? சாதாரணக் குறுஞ்செய்திக்கு ஆன காசைவிட, வாக்களிக்கும் குறுஞ்செய்திக்குப் பல மடங்கு வசூலித்தார்கள். அந்தப் பணம் கைபேசிக் கம்பெனிக்கும் சேனலுக்கும் பங்கு பிரிந்தது. பார்ப்பவர் கூட்டம் பெருகப் பெருக விளம்பர வருமானம் தனி. நாம் கடையில் துணியை விற்கிறோம். வாங்க வந்தவரை அடுத்த கடைக்கு விற்பதில்லை. தொலைக்காட்சிக்காரருக்கு இரண்டும் லாபம்: நம்மிடம் வாக்கை விற்கிறார், நம்மை விளம்பரக்காரருக்கு விற்கிறார்.

பெயர் வாக்கு என்றாலும் இது தேர்தல் அல்ல. தேர்தலில் தோட்டக் கூலிக்கும் முதலாளிக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு. இங்கே பாக்கெட்டில் எவ்வளவு பணமோ அவ்வளவு ஓட்டு. தேயிலை பறிக்கிற பெண், பிள்ளைக்கு வாங்க வேண்டியதை ஒத்திவைத்து எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அவளுடைய அன்பு உண்மை. கணக்கு மட்டும் அவள் பக்கம் இல்லை. 2005-இல் 'ஃபேம் குருகுல்' நிகழ்ச்சியில் ஸ்ரீநகர் இளைஞர் காஜி தௌகீருக்குக் காஷ்மீரில் இதே போன்ற ஆதரவு அலை எழுந்தது. அங்கே கைபேசி வந்தே இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. எந்த ஊரில் 'எங்களை யாரும் கவனிப்பதில்லை' என்ற ஏக்கம் அதிகமோ, அந்த ஊரில் இந்தச் சரக்கு நன்றாக விலை போகிறது.

நமக்கு என்ன?

நம்மவர் கதையும் இதற்குத் தூரமில்லை. 2006 முதல் விஜய் டிவியின் 'சூப்பர் சிங்கர்' உலகத் தமிழர் வீடுகளில் ஓடியது. 2015-இல் சிறுவர் போட்டியின் இறுதிச் சுற்றில், கனடாவிலிருந்து வந்த ஈழத் தமிழ்ச் சிறுமி ஒருத்தி இரண்டாமிடம் பெற்று, பரிசான ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தபோது கண் கலங்காத வீடு குறைவு. சொந்த ஊரை இழந்த மக்களுக்கு அந்த மேடை ஒரு ஊர்ப் பொதுவிடமாக இருந்தது. அதே சமயம், ஏழைக் குடும்பங்களின் சண்டையைக் கேமரா முன் வைத்துப் பஞ்சாயத்து செய்த 'சொல்வதெல்லாம் உண்மை' நிகழ்ச்சிக்கு 2018-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதிக்க நேர்ந்ததையும் பார்த்தோம். ஒன்றில் மனிதர் உயர்ந்து தெரிந்தார், மற்றதில் அவமானம் விலை போயிற்று. இரண்டும் ஒரே பெட்டிக்குள்தான்.

ஆகவே ரியாலிட்டி ஷோ சமூகத்தைக் கெடுக்கிறது என்று ஒரே அடியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஷில்லாங்கில் சேர்த்துவைத்தது, சிலிகுரியில் பிரிவு வெடிக்கக் காரணமாயிற்று. உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதை அது பெருக்கிக் காட்டுகிறது. பெருக்கியதற்குக் கூலியும் வாங்கிக்கொள்கிறது. ஆனால் கொள்முதல் செய்த பெருமையைக் கொண்டு உரிமையை வாங்க முடிவதில்லை. டார்ஜிலிங்கில் 2017-இல் 104 நாள் கடையடைப்பு நடந்தது. அதன் பிறகு குருங்கின் செல்வாக்கும் சரிந்து, 2022 பிரதேச நிர்வாகத் தேர்தலில் வேறொரு கட்சி வென்றது. 1907-இல் எழுந்த கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது.

வெளிமாநிலத்தில் 'மதராஸி' என்று ஒரே சொல்லில் அடக்கப்பட்ட அனுபவம் நம் மூத்தவர்களுக்கு உண்டு. 1968-இல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் குடுமியும் பாட்டும் கோணல் இந்தியுமாக ஒரு தமிழ் வாத்தியார் வந்தார். நாடே சிரித்தது, நம்மில் பலரும் சேர்ந்துதான் சிரித்தோம். அதனால் டார்ஜிலிங்காரரின் தவிப்பு மற்றவர்களைவிட நமக்குச் சீக்கிரம் புரிய வேண்டும். நம் பிள்ளைகள் ஒரு தமிழ்ப் போட்டியாளருக்கு வாக்களிக்க ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். பாட்டுக்காக அனுப்புகிறாயா, நம்மவர் என்பதற்காக அனுப்புகிறாயா என்று மட்டும் கேளுங்கள். எந்தப் பதில் வந்தாலும் தவறில்லை. பதில் தெரிந்து அனுப்பட்டும். அப்படியே, குடியிருப்பு வாசலில் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறவரின் பெயர் என்ன, ஊர் எது என்று கேட்டு வரச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.