குதைபியாவின் பந்தி

பஹ்ரைன் தலைநகரான மனாமாவின் பழைய சந்தைக்குத் தென்கிழக்கே அமைந்துள்ள குதைபியா, ஒரு பக்கம் அரசு விருந்தினருக்கான அரண்மனையையும் நாடாளுமன்றக் கட்டடத்தையும், மறுபக்கம் மலையாளி, தமிழர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், பிலிப்பீனியர் எனப் பலநாட்டு உழைப்பாளர் நெருங்கி வாழும் குறுகிய தெருக்களையும் கொண்ட பகுதியாகும். இத்தெருக்களின் உணவகங்களுக்கும், இங்கிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் உள்ள கிறிஸ்தவ ஆலயங்களுக்கும் இடையே மக்கள் வாரந்தோறும் வந்துபோகும் வழியொன்று உண்டு. வளைகுடாத் திருச்சபைகளைப் பற்றிய நூல்கள் ஆலயக் கட்டடங்களின் திறப்பு விழாக்களையும் ஆயர்களின் நியமனங்களையும் விரிவாகக் கூறினும், வழிபாடு முடிந்த மக்கள் எங்கே சென்று யாருடன் அமர்ந்து உண்டனர் என்பதைப் பெரும்பாலும் கூறுவதில்லை. உணவைச் சுற்றியே தன் நடுநாயகமான சடங்கை அமைத்துக்கொண்ட ஒரு சமயத்தின் வரலாற்றில் இது பெரிய விடுபாடு. சீர்திருத்தச் சபையார் ‘திருவிருந்து’ என்றும் கத்தோலிக்கர் ‘நற்கருணை’ என்றும் வழங்கும் அச்சடங்கு, அடிப்படையில் ஒரு பந்தியே. அதாவது, பலர் ஒருங்கே அமர்ந்து ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொள்வது.

இத்தீவுகளில் கிறிஸ்தவம் எண்ணெயோடு வந்திறங்கிய புதுச்சரக்கு என்ற எண்ணம் தமிழரிடையே பரவலாக உள்ளது; அது பிழையானது. பாரசீகப் பேரரசில் வேரூன்றிய கீழைத் திருச்சபைக்கு, வளைகுடாவின் மேற்குக் கரையில் ‘பேத் கத்ராயே’ எனச் சிரியாக் மொழியில் வழங்கிய நிலப்பரப்பில் பல மறைமாவட்டங்கள் இருந்தன. அவற்றுள் மஷ்மாஹிக் என்பது கி.பி. 410-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சங்க ஆவணத்திலேயே குறிக்கப்படுகிறது. அப்பெயரின் எச்சமே இன்று முஹர்ரக் தீவின் வடகரையில் உள்ள சமாஹீஜ் என்னும் ஊர்ப்பெயர் என்பர். அதற்கு அருகிலுள்ள அத்தைர் என்னும் ஊரின் பெயருக்கு அரபியில் துறவுமடம் என்றே பொருள். சமாஹீஜின் இடுகாட்டு மேடொன்றில் பிரித்தானிய, பஹ்ரைன் அகழாய்வாளர்கள் இணைந்து தோண்டி 2024-இல் அறிவித்த கட்டடம், நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பயன்பாட்டில் இருந்ததாகக் கரிமக் காலக்கணிப்பு காட்டியது. சுண்ணச்சாந்தில் செய்த சிலுவைகள் அங்கே கிடைத்தன. அது ஆயரின் இல்லமாகவும் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

அக்கட்டடத்தின் அறைகளுள் ஒன்று அடுக்களை; மற்றொன்று உணவுக்கூடம். அங்கு வாழ்ந்தோர் மீனும் சிப்பியும் பன்றி இறைச்சியும் உண்டதை எலும்புகளும் ஓடுகளும் தெரிவிக்கின்றன. சிறு கண்ணாடிக் கிண்ணங்கள் திராட்சரசம் பருகியதைச் சொல்கின்றன. இந்தியாவிலிருந்து வந்த சூதுபவள மணிகள், அந்த அடுக்களைக்கும் நம் கடற்கரைகளுக்கும் இடையே அன்றே இருந்த தொடர்பைக் காட்டுகின்றன. பஹ்ரைனில் இதுவரை அறியப்பட்டுள்ள மிகப் பழைய கிறிஸ்தவக் கட்டடத்தில் சிலுவையும் சமையலும் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கின்றன என்பது, குதைபியாவைப் புரிந்துகொள்ள முயல்வோர் மறக்கக்கூடாத செய்தி. இதே பேத் கத்ராயேயில் பிறந்து, ஏழாம் நூற்றாண்டில் நினிவேக்கு ஆயராகி, சில மாதங்களிலேயே பதவி துறந்து தனிமை நாடிச் சென்ற ஈசாக்கு என்னும் துறவி, வாரத்துக்கு மூன்று அப்பங்களும் சமைக்காத காய்கறியும் மட்டுமே உண்டார் என்பது மரபுச் செய்தி. விருந்தும் நோன்பும் ஒரே நம்பிக்கையின் இரு கைகள் என்பதற்கு இந்த மண்ணிலேயே பழஞ்சான்று உண்டு.

கீழைத் திருச்சபை இங்கு மறைந்தபின் பல நூற்றாண்டுகள் கழித்துக் கிறிஸ்தவர் மீண்டும் வந்தது வாளோடு, வந்ததும் முத்துக்காக. 1521-இல் போர்த்துக்கீசியர் பஹ்ரைனைக் கைப்பற்றி 1602 வரை தம் பிடியில் வைத்திருந்தனர். அதே பேரரசின் கை 1530-களில் தூத்துக்குடிக் கரையின் முத்துக்குளித்துறைக்கும் நீண்டது; பரதவர் திரளாகக் கத்தோலிக்க மறையைத் தழுவியதும், 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடையே வந்ததும் அக்காலத்திலேயே. உலகின் இரு பெரும் முத்துக் கடல்கள் ஒரே கொடியின் நிழலில் இருந்த அந்த அரைநூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம், ஒரு கரையில் கோட்டையை மட்டும் விட்டுச்சென்றது. மறு கரையில் இன்றுவரை தளராத ஒரு விசுவாசத்தை விட்டுச்சென்றது. பிற்காலத்தில் அந்த விசுவாசமே மீன்பிடித் தொழிலாளர் வழியாகக் கடல்கடந்து பஹ்ரைனுக்கு வந்துசேர்ந்தது.

தற்கால ஆலயங்களின் கதை ஒரு மருந்தகத்தில் தொடங்குகிறது. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த அரேபிய மிஷனின் சாமுவேல் ஸ்வேமர் 1892 டிசம்பரில் மனாமாவில் வந்திறங்கினார். அவரும் அவருக்குப்பின் வந்தோரும் நடத்திய மருத்துவப் பணி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மேசன் நினைவு மருத்துவமனையாக வளர்ந்து, இன்று அமெரிக்கன் மிஷன் மருத்துவமனை என்னும் பெயரோடு தொடர்கிறது. 1906-இல் எழுந்த சிற்றாலயமே இன்றைய தேசிய இவாஞ்சலிக்கல் சபையின் தொடக்கம். அதற்கு முன்பே இந்தியர் இங்கு இருந்தனர். சிந்துப் பகுதியின் தட்டை என்னும் ஊரிலிருந்து வந்த பாட்டியா வணிகர்கள் மனாமாச் சந்தையில் அமைத்த கிருஷ்ணர் கோயில் ஏறத்தாழ 200 ஆண்டுப் பழமையுடையது. 1915-இல் தோன்றிய இந்தியன் கிளப் குதைபியாவில் இன்றும் இயங்குகிறது. 1965-இல் தினார் வரும்வரை கடைகளில் புழங்கிய நாணயம் ரூபாயே; முதலில் இந்திய ரூபாய், 1959-க்குப்பின் வளைகுடாவுக்கெனத் தனியே அச்சிடப்பட்ட ரூபாய்.

பஹ்ரைனியரின் உணவில் இந்தத் தொடர்பு ஆழமாகப் படிந்துள்ளது. அரிசியோடு இறைச்சியையோ மீனையோ சேர்த்து, ‘லூமி’ எனப்படும் உலர்ந்த எலுமிச்சையும் மசாலாவும் இட்டுச் சமைக்கும் மச்பூஸ், பிரியாணியை அறிந்த நாவுக்கு அயலானதன்று. உருளைக்கிழங்கை உள்ளூர் அரபியில் ‘ஆலு’ என்பதும், சம்பூசாவும் பாலில் காய்ச்சிய கரக் தேநீரும் தம் சொந்த உணவாகவே கருதப்படுவதும் நெடுங்காலக் கடல்வணிகம் விட்டுச்சென்ற தடயங்கள். மீனைப் புளிக்கவைத்துச் செய்யும் மஹ்யாவா என்னும் குழம்பு ஈரானியத் தென்கரையிலிருந்து வந்தது. 1920 முதல் நடந்துவரும் நசீஃப் உணவகமும், 1950-இல் தொடங்கிய ஹாஜி காப்பிக்கடையும் மனாமாச் சந்தைப் பகுதியில் இந்தக் கலப்பைப் பேணிவருகின்றன. நசீஃபின் மாம்பழ ஐஸ்கிரீம் உள்ளூராரிடமும் வெளியாரிடமும் பெயர்பெற்றது. விடுமுறைக் காலையில் ஹாஜி கடையின் நீள்பலகைகளில் கொண்டைக்கடலையும் முட்டையும் சுடச்சுட ரொட்டியும் உண்ண அமர்வோருள் பஹ்ரைனியரும் இந்தியரும் ஐரோப்பியரும் உண்டு. பழமைச் சிறப்புடைய உணவகம் என்பதற்குச் சுவரிலுள்ள பழைய நிழற்படங்களைக் காட்டிலும், யார் யாருடன் அமர்கிறார் என்பதே மெய்யான அடையாளம்.

1932-இல் பஹ்ரைனின் ஜபல் துகான் குன்றருகே எண்ணெய் பீறிட்டது. 1936-இல் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. எழுத்தர்களும் கைவினைஞர்களும் இந்தியாவிலிருந்து திரளாக வந்தனர். அவர்களுள் கத்தோலிக்கர் பெருகவே, ஆட்சியாளர் ஷேக் ஹமத் பின் ஈசா அல் கலீஃபா 1939-இல் அளித்த நிலத்தில் திருஇருதய ஆலயம் கட்டப்பட்டது. தற்கால வளைகுடாவின் முதல் கத்தோலிக்க ஆலயமாகிய அதில் இன்று ஆங்கிலம், மலையாளம், கொங்கணி, தகலோக் முதலிய மொழிகளோடு தமிழிலும் திருப்பலி நிறைவேற்றப்படுகிறது. 2022 நவம்பரில் பஹ்ரைனுக்கு வந்த போப் பிரான்சிஸ் தம் பயணத்தின் இறுதி நாளில் குருக்களையும் துறவியரையும் சந்தித்ததும் இங்கேதான்.

வளைகுடாக் கிறிஸ்தவரின் வாரம் ஊர்க் கிறிஸ்தவரின் வாரத்திலிருந்து வேறுபட்டது. பஹ்ரைனில் வார ஓய்வு 2006 முதல் வெள்ளியும் சனியும். அதற்கு முன்பும் வெள்ளியே ஓய்வின் மையம். ஞாயிறு வேலை நாளாகிவிட்டதால், ஞாயிறுக்குரிய வழிபாடு வெள்ளிக்கும் நகர்ந்தது. ஒரே வளாகத்தில் மணிக்கொரு மொழியினர் வருவதும், ஒரு சபை வெளியேறும் வாயிலில் அடுத்த சபை காத்துநிற்பதும் இதன் விளைவு. வெளியேறியவர்கள் செல்லும் இடம் பெரும்பாலும் குதைபியாத் தெருக்கள்தான். அங்கே மூலைக்கு மூலை ‘கோல்ட் ஸ்டோர்’ எனப்படும் சிறு மளிகைக் கடைகளும், மாதக்கணக்கில் பணம் கட்டிச் சாப்பிடும் ‘மெஸ்’களும், பரோட்டாவும் மீன்குழம்பும் கிடைக்கும் ஓட்டல்களும் உள்ளன. அறையொன்றைப் பலர் பகிர்ந்து, கட்டில் அளவு இடத்துக்கு மட்டும் வாடகை தந்து வாழும் தொழிலாளிக்கு வரவேற்பறை கிடையாது. தன்னைக் காண வந்தவரை அமரவைத்துப் பேச அவருக்கு வாய்க்கும் ஒரே மேசை ஓட்டல் மேசை. ஊரில் கோயில் முற்றமும் வீட்டுத் திண்ணையும் ஆற்றிய பணியை இங்கே ஆலய வளாகமும் உணவகமும் பங்கிட்டுக்கொண்டன.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பகுதிகளின் கிறிஸ்தவருக்கு இது புதிய பழக்கமன்று. கோயில் பண்டிகையின்போது ஊரார் அனைவரும் அரிசியும் பணமும் தந்து, பெரிய வட்டைகளில் சமைத்து, வந்தோர் எல்லாருக்கும் பரிமாறும் விருந்தை அவர்கள் ‘அசனம்’ என்கின்றனர். உண்ணுதல் என்னும் பொருளுடைய வடசொல்லே அது. திருவிருந்தில் பகிரப்படும் சிறு அப்பத் துண்டும், அசனத்தில் இலையில் விழும் சோறும் தொடர்புடையவை என்பதை எந்த இறையியல் நூலும் கற்பிக்காமலே அவர்கள் உணர்ந்திருக்கின்றனர்.

ஆனால் தமிழ்க் கிறிஸ்தவத்தில் அந்தப் பந்தி எப்போதும் எல்லாருக்கும் திறந்திருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் உயர்சாதியினர் ஆலயத்தில் தனியே அமர்ந்து, திருவிருந்தின் கிண்ணத்தை முதலில் பெற்ற பின்னரே ஏனையோர் அருகே வர முடிந்த காலம் ஒன்றிருந்தது. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833-இல் அவ்வேற்றுமை உடனே ஒழிய வேண்டுமென்று ஆணைக் கடிதம் அனுப்பியபோது பலர் சபையை விட்டே வெளியேறினர். தலைசிறந்த கிறிஸ்தவக் கவியான தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தை விடமறுத்தோர் பக்கமே நின்றார். கவித்திறத்தால் மன்னிக்கத்தக்க பிழையன்று அது. பந்தியில் யார் அருகில் யார் என்பதே விசுவாசத்தின் உரைகல் என்பதை அக்காலத்து எளிய கிறிஸ்தவர்கள் தம் உடலாலேயே அறிந்திருந்தனர். அந்நினைவோடு குதைபியாவின் நண்பகல் கூட்டத்தைக் காண்பவருக்கு, காலியான நாற்காலியில் முன்பின் அறியாதவர் வந்தமர்ந்து, சாதியும் ஊரும் கேட்காமல், குழம்பு வாளியைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வது சிறிய செயலாகத் தோன்றாது. இங்கும் சம்பளமும் விசாவும் பிறந்த நாடும் மனிதரை வேறு அடுக்குகளில் பிரிக்கின்றன. அப்பிரிவுகள் ஓட்டல் வாயிலில் முழுவதும் கரைந்துவிடுவதில்லை. ஆயினும் அந்த மேசையின் தாழ்ந்த விலை பலரை ஒரே பலகையில் உட்காரவைத்திருக்கிறது.

பஹ்ரைனின் மீன்பிடிப் படகுகளில் வேலைசெய்யும் தமிழருள் தென்கரைக் கத்தோலிக்கர் பலர். உயிர்த்தெழுந்த கிறிஸ்து திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, இரவெல்லாம் உழைத்துக் களைத்த வலைஞரை உண்ண அழைத்ததை யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம் கூறுகிறது. எம்மாவு ஊரில் சீடர் இருவர் அவரை அடையாளம் கண்டதும் அப்பத்தைப் பிட்ட கணத்தில்தான். கடலிலிருந்து கரையேறி, சுட்ட மீனோடு குபூஸ் என்று தமிழர் வழங்கும் அரபு ரொட்டியைப் பிய்த்துண்ணும் ஒருவருக்கு இப்பகுதிகள் விளக்கவுரை இன்றியே விளங்கும்.

வெள்ளிக்கிழமை இன்னொரு வகையிலும் இங்கே சிக்கலான நாள். உலகெங்கும் கத்தோலிக்கருக்குத் தவக்கால வெள்ளி, இறைச்சியை விலக்கும் ‘சுத்தபோசன’ நாள். வளைகுடாவிலோ அதுவே ஓய்வும் திருப்பலியும் நண்பர் சந்திப்பும் கூடிய விருந்து நாள். ஆகவே ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு, திருப்பலி முடிந்து ஓட்டலுக்கு வரும் தமிழ்க் கத்தோலிக்கர் மட்டன் பிரியாணியை விட்டு மீனையும் சாம்பாரையும் நாடுவர். ‘ஒருசந்தி’ என்பது நாளில் ஒரு வேளை மட்டுமே நிறைவாக உண்ணும் கடுமையான நோன்பு. அது தவக்காலத் தொடக்கமான சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் உரியது. 2025-இல் ரமலான் மார்ச் 1-ஆம் நாள் தொடங்கியது. சாம்பல் புதன் மார்ச் 5-இல் வந்தது. ரமலானில் பகற்பொழுதில் பொதுவிடங்களில் எவரும் உண்பதில்லை. உணவகக் கதவுகள் மூடியிருக்கும். அந்தப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வேலைக்குச் சென்று, தம் ஒரு வேளைச் சோற்றை மாலைக்கு ஒதுக்கிய கத்தோலிக்கருக்கும், விடியல் முதல் நீர்கூட அருந்தாத முஸ்லிம்களுக்கும் குதைபியாவின் ஓட்டல்கள் ஒரே நேரத்தில்தான் திறந்தன: மாலை மஃரிபுத் தொழுகைக்கான பாங்கு ஒலித்தபோது.