பலாலியில இருந்து சென்னை எவ்வளவு தூரம்?

வரைபடத்தில கட்டுநாயக்காவையும் சென்னை விமான நிலையத்தையும் அடிமட்டம் வைச்சு இணைச்சுப் பாருங்கோ. அந்தக் கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேலாலதான் போகும். ஆனா சென்னைக்குப் போக வேணுமெண்டால் நாங்கள் கன காலமா இரவு பஸ் ஏறி, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தெற்கால போய், திரும்பி எங்கட ஊர்ப்பக்கமாகவே பறந்து போனம்.

கணக்கைப் பாருங்கோ. பலாலியில இருந்து சென்னைக்கு நேர்கோட்டில சுமார் 355 கிலோமீற்றர். திருச்சிக்கு 185 தான். கட்டுநாயக்காவுக்கோ 290. அங்க போய்ச் சென்னைக்குப் பறந்தால் நேர்கோட்டுக் கணக்கிலயே 935 கிலோமீற்றர், இரண்டரை மடங்குக்கும் மேல.

எப்பவும் இப்பிடி இருக்கேல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய வான்படை பலாலியில் ஓடுபாதை அமைத்தது. 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம், ஒரு டக்ளஸ் டி.சி.3, இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. இலங்கை சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பிறகு இங்கிருந்து திருச்சிக்கும் சேவை நடந்தது.

போர் இந்த வழியை மூடியது. பலாலி இராணுவத் தளமானது. தரைப்பாதையும் அடைபட்ட காலத்தில், கொழும்புக்குப் போக கப்பலும் விமானமுந்தான் மிச்சம். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்து, அதில் இருந்த 55 பேரும் உயிரிழந்தார்கள். ஒரு மணித்தியாலப் பயணந்தான் அது.

2019 ஒக்ரோபர் 17 இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் அலையன்ஸ் எயார் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனாவால் 2020 இல் நின்று, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையில் இருந்தும், 2025 மார்ச்சில் திருச்சியில் இருந்தும் பறக்கத் தொடங்கியது. ஓடுபாதை சின்னன் எண்டதால ஏ.டி.ஆர் 72 மாதிரியான சின்ன விமானங்கள்தான் வருது. எண்டாலும் ஒண்டேகால் மணித்தியாலத்தில சென்னை.

எங்களுக்கு இது சந்தோசந்தான். ஆனா பலாலியைச் சுத்தியிருக்கிற காணிகளையும் கதைக்க வேணும். 1990 இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது. 2015 க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காணிகள் விடுபட்டாலும், எல்லாம் இன்னும் திரும்பிக் கிடைக்கேல்ல. ஓடுபாதையை நீட்ட வேணும் எண்டு பேச்சு வரேக்க, ஆற்ற காணியில எண்ட கேள்வியும் கூடவே வரும்.

சென்னை கிட்ட வந்திட்டுது. சில கிலோமீற்றர் தள்ளி வாடகை வீட்டில இருக்கிற ஒரு பலாலிக்காரருக்கு, 35 வருசத்துக்குப் பிறகும் தன்ர வளவு தூரமாத்தான் இருக்கு. பயண நேரத்தைக் கணக்குப் பாக்கேக்க நாங்கள் இதையும் சேர்த்துத்தான் எழுத வேணும்.